மலாக்காத் தோட்டத் தமிழரும் வாக்குச்சீட்டும்

மலாக்காவில் ரப்பர் நட்டு அறுபது ஆண்டுகள் ஆன பிறகுதான், அந்த மரத்தை வெட்டிய தமிழரில் பெரும்பாலோரின் கைக்கு வாக்குச்சீட்டு வந்தது. மலாக்கா வணிகரான டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் சொச்சம் நிலத்தில் ரப்பர் போட்டது 1896இல். மலாயாவில் வணிகத்துக்காகப் போடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. பின்னர் அவரே புக்கிட் அசகானில் பெரும் பரப்பில் பயிரை விரித்தார். அதைத் தொடர்ந்து ஜாசின், அலோர் காஜா வட்டாரங்கள் நெடுகத் தோட்டங்கள் எழுந்தன. பால் மரம் வெட்ட அங்கே வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சில தேர்தல்களில் திரண்டு போய் வாக்களித்திருக்கிறார்கள். சிலவற்றில் விலகி நின்றிருக்கிறார்கள். ஒரு பகுதியினர் வாக்காளர் பட்டியலிலேயே இடம்பெறாமல் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். இதை அக்கறையின்மை என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடுவது எளிது; அது நியாயமும் அல்ல, உண்மையும் அல்ல. ஒரு தோட்டத்துத் தமிழர் தேர்தல் நாளன்று வரிசையில் நின்றாரா என்பதைக் குடியுரிமைத் தாளும், பதிவு செய்த முகவரியும், போட்ட ஓட்டு எண்ணப்பட்ட பிறகு என்ன ஆகும் என்ற நம்பிக்கையும் பல காலம் தீர்மானித்து வந்திருக்கின்றன.

தேர்தல் என்பதே பழைய மலாக்கா அறியாத ஏற்பாடு; சமூகத்தின் தலைவரை ஆட்சியாளரே நியமித்தார். போர்த்துகீசியர் 1511இல் நகரைப் பிடித்ததும் இந்து வணிகரான நைனா சத்துவுக்குப் பெண்டஹாரா என்னும் உயர் பதவி கொடுத்தனர். டச்சுக்காரர் ஆட்சியில் செட்டி சமூகத்தின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டிக்கு அரசு வழங்கிய நிலத்தில்தான் 1781இல் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. ஆங்கிலேயர் 1826இல் மலாக்காவைப் பினாங்கு, சிங்கப்பூருடன் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஆக்கிய பிறகும் முறை மாறவில்லை. சட்டமன்றம் சிங்கப்பூரில் கூடியது. ஆசியர்களுக்கென்று பேசுபவரை ஆளுநரே நியமித்தார். அந்த மன்றத்தில் இந்தியர் ஒருவருக்கு முதன்முதலாக இடம் கிடைத்ததே 1920களில்தான். அவரும் பினாங்கைச் சேர்ந்த வழக்கறிஞர். மலாக்காத் தமிழருக்காக யார் பேசுவது என்று மலாக்காத் தமிழரை யாரும் கேட்கவில்லை.

தோட்டத்துக்குள் இந்த நிலை இன்னும் இறுகியிருந்தது. துரை, கிராணி, கங்காணி என்று மேலிருந்து கீழே இறங்கும் அதிகாரத்தில், விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று பேர் கொடுப்பதோடு தொழிலாளியின் குரல் முடிந்துவிடும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின் கங்காணி முறையே ஆள் சேர்க்கும் வழியாயிற்று. கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் கூட்டி வந்ததால், லயம் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்தவருக்கு அவர் வேலை மேற்பார்வையாளராகவும் ஊர்ப் பெரியவராகவும் கடன் கொடுத்தவராகவும் ஒருங்கே இருந்தார். பிற்காலத்தில் தோட்டத்தில் ஒரு குடும்பம் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடும் என்பதை ஒரு தலைவர் சொல்லி மற்றவர்கள் கேட்கும் பழக்கம் இருந்ததென்றால், அதன் வேர் இந்த உறவில் இருக்கிறது.

போர்க்காலம் இதை உலுக்கியது. ஜப்பானியர் தம்பின் மலாக்கா இரயில் பாதையைப் பெயர்த்தெடுத்துச் சயாம் மரண இரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் போன வழியே தோட்டத்து ஆட்களும் போனார்கள். அவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அதே ஆண்டுகளில் நேதாஜியின் இயக்கம் தோட்டத்து இளைஞரையும் பெண்களையும் துரையின் உத்தரவைக் கடந்த ஒரு பொது வாழ்வுக்குள் இழுத்தது. 1945க்குப் பின் லயங்களுக்குத் திரும்பியவர்கள் பழையபடி தலைகுனிந்து நிற்கத் தயாராக இல்லை. தொழிற்சங்கங்கள் முளைத்தன. மலாக்காவிலும் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கம் உருவாகி, 1954இல் பிற மாநிலச் சங்கங்களோடு இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயிற்று. தோட்டக் கமிட்டிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும், சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்பதும், தலைவர் சரியில்லையென்றால் அடுத்த முறை மாற்றலாம் என்பதும் தோட்டத்தார் சங்கத்தில்தான் பழகினார்கள். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பொறுப்பாளர் தேர்வுக்கும் வேலைநிறுத்த முடிவுக்கும் இரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டின் வாக்குச்சாவடிக்கு அவர்களைத் தயார்ப்படுத்திய பள்ளி என்று சங்கத்தைச் சொல்வது மிகையாகாது.

ஆனால் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். இங்கேதான் மலாக்காவின் தனிநிலை வெளிப்பட்டது. 1948 பிப்ரவரியில் உருவான மலாயாக் கூட்டமைப்பின் ஒப்பந்தப்படி, மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்து நிலையாகக் குடியிருந்த பிரிட்டிஷ் பிரஜைகள் விண்ணப்பிக்காமலே கூட்டமைப்புக் குடிமக்கள் ஆனார்கள். மலாய் மாநிலங்களில் பிறந்த தமிழருக்கு அது போதவில்லை. பெற்றோர் இருவரும் அங்கேயே பிறந்து நெடுங்காலம் வாழ்ந்திருக்க வேண்டும். மலாக்காவின் புலாவ் செபாங்கும் நெகிரி செம்பிலானின் தம்பினும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கத்து லயத்தில் பிறந்த குழந்தை குடிமகன். அந்தப் பக்கத்து லயத்தில், அதே கங்காணி கூட்டிவந்த அதே ஊர்க்காரருக்குப் பிறந்த குழந்தை அன்னியன். பிறந்த இடத்தின் இந்தச் சிறு வேறுபாடு ஒருவரின் அரசியல் வாழ்வையே மாற்றிவிட்டது.

மலாக்காவில் பிறந்தவர்களுக்குக் கிடைத்த இந்த நன்மை அன்றைக்கு வேலை செய்துகொண்டிருந்த பெரியவர்களில் பலருக்கு உதவவில்லை. அவர்கள் பிறந்தது தமிழகத்துக் கிராமங்களில். அப்படிப்பட்டவர் விண்ணப்பிக்க வேண்டுமானால் பதினைந்து ஆண்டுக் குடியிருப்பைக் காட்ட வேண்டும். மலாயோ ஆங்கிலமோ போதிய அளவு தெரிய வேண்டும். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவரிடம் அதற்கான தாள் இருக்காது. அலுவலகம் இருக்கும் பட்டணத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். இதற்கெல்லாம் மேலாக மனத்தடை ஒன்று இருந்தது. ஊரில் அம்மா, ஒரு துண்டு நிலம், குலதெய்வம். இந்தியா 1947இல் விடுதலை பெற்ற புதிதில், அந்த நாட்டை விட்டுக்கொடுத்து இந்த நாட்டுத் தாளை வாங்குவது பலருக்குத் துரோகம் போலவே பட்டது. அவர்கள் வாக்களிக்காமல் இருந்ததில் ஒரு தேர்வு இருந்தது என்றால், அது இரண்டு பற்றுகளுக்கு இடையிலான தேர்வு.

மலாக்கா நகராட்சிக்கு 1952 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அது நகரத்தாரின் தேர்தல்; கடைக்காரர்கள், எழுத்தர்கள், ஆசிரியர்கள், வீடு வாசல் உள்ளவர்கள் பங்கேற்றது. தோட்டம் அதை எட்டி நின்று பார்த்தது. 1946இல் ஜான் திவி தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) 1954இல் அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் இருந்த கூட்டணியில் சேர்ந்தது. 1955 ஜூலை 27இல் முதல் கூட்டமைப்புத் தேர்தல் வந்தது. 52 இடங்களில் 51ஐக் கூட்டணி வென்றது. அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் இருந்த ஏறத்தாழ 12,80,000 பேரில் மலாய்க்காரர்கள் 84 விழுக்காடு, சீனர்கள் 11 விழுக்காடு. இந்தியரும் பிறரும் சேர்ந்து 5 விழுக்காட்டுக்கும் கீழே. மக்கள்தொகையில் இந்தியர் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இருந்த நாடு அது. வராமல் போனவர்களின் எண்ணிக்கையை விட, வர வழியில்லாதவர்களின் எண்ணிக்கையே அங்கே பெரிது.

நிலைமை திரும்பியது விடுதலையோடு. துங்கு அப்துல் ரஹ்மான் இலண்டனிலிருந்து திரும்பி விடுதலை நாளை அறிவித்த இடம் மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடல். நாள் 1956 பிப்ரவரி 20. அடுத்த ஆண்டு வந்த அரசமைப்பு, விடுதலை நாளுக்குப் பின் இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புரிமையாகக் குடியுரிமை தந்தது. ஏற்கெனவே பிறந்திருந்தவர்களுக்கும் வந்து குடியேறியவர்களுக்கும் பதிவு வழியைத் திறந்தது. உள்நாட்டில் பிறந்தவர் கடைசி ஏழாண்டில் ஐந்தாண்டும், வெளியே பிறந்தவர் கடைசிப் பன்னிரண்டில் எட்டாண்டும் குடியிருந்தால் போதும். ஓரளவு மலாய் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையை, முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கும் உள்நாட்டில் பிறந்தோருக்கும் 45 வயது கடந்த குடியேறிகளுக்கும் தளர்த்தினார்கள். அந்த ஓராண்டு தோட்டப்புற வரலாற்றில் தனியே எழுதத் தக்கது. ம.இ.கா.வும் தொழிற்சங்கமும் படிவங்களோடு தோட்டங்களுக்குள் போயின. அக்காலத் தமிழ் நாளேடுகள் தாள் எடுக்கச் சொல்லி ஓயாமல் எழுதின; சிங்கப்பூரில் இதழாசிரியர் கோ. சாரங்கபாணி இதற்காகவே இயக்கம் நடத்தினார். ஒரு தோட்டத்தில் கிராணியோ தமிழ்ப் பள்ளி ஆசிரியரோ சங்கச் செயலாளரோ முனைப்பாக இருந்தால் அங்கே குடும்பம் குடும்பமாகத் தாள் கிடைத்தது. யாரும் முனையாத தோட்டத்தில் வாய்ப்பு வந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல் ஓராண்டு கழிந்தது. பின்னாளில் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற முதியவர்களின் கதை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைத் தோட்டங்களின் கதை.

இதே காலத்தில் வங்கக் கடலுக்கு அப்பால் எதிர்த்திசையில் ஒரு வரலாறு நடந்துகொண்டிருந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். இலங்கையில் 1931இலேயே அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தமிழர்கள் வாக்களித்து, சௌமியமூர்த்தி தொண்டமான் உட்பட இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதற்குக் கிடைத்த மறுமொழி 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. அந்த இழப்பு முழுதாகச் சரிசெய்யப்படுவதற்கு 2003 வரை ஆனது. இலங்கைத் தோட்டத் தமிழர் வாக்களித்ததனாலேயே வாக்கை இழந்தனர். மலாயாத் தோட்டத் தமிழர் வாக்கின்றித் தொடங்கி அதைப் பெற்றனர். இலங்கையில் உறவினர் உள்ள குடும்பங்கள் மலாக்காத் தோட்டங்களிலும் இருந்தன. தாள் எடுக்கத் தயங்கியவர்களை அசைத்த செய்திகளில் இலங்கைச் செய்தியும் ஒன்றாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

1959 ஆகஸ்டில் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பொதுத்தேர்தல் வந்தபோது தோட்டத்துக்குத் தேர்தல் என்பது கண்ணால் காணும் பொருளாயிற்று. எழுத்தறியாதவர்கள் சின்னத்தைப் பார்த்துக் குறி போட்டார்கள். கூட்டணிக்குப் பாய்மரக் கப்பல். சோஷலிச முன்னணிக்கு மாட்டுத்தலை. கூட்டணி விரிந்து உருவான தேசிய முன்னணிக்கு 1974 முதல் தராசு. 1966இல் தோன்றிய ஜனநாயகச் செயல் கட்சிக்கு (ஜ.செ.க.) ராக்கெட். வேட்பாளரின் பெயர் பலருக்குத் தெரியாது. "கப்பலுக்குப் போடு" என்றால் போதும். சின்னங்கள் கட்சிகளின் பெயராகவே நின்றுவிட்டன. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம், வாக்களிக்கப் போகும் தொழிலாளிக்கு முதலாளி போதிய நேரம் விடவேண்டும், அதற்காகக் கூலி பிடிக்கக் கூடாது என்று விதித்தது. சிறியதாகத் தோன்றும் இந்த விதி தோட்டத்தில் பெரிய காரியம். பால் எடுப்பது விடியற்காலை வேலை. மரம் வெட்டிப் பால் சேர்த்து நிறுத்து முடிய உச்சி வேளை ஆகும். நேரம் விடாத தோட்டத்தில் வாக்குரிமை தாளில் மட்டும் இருக்கும். பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வெட்டு வேலை பார்த்த இடம் தோட்டம்; வாக்குச்சாவடி வரிசையிலும் அவர்கள் சமமாகவே நின்றார்கள். சங்கம், கோயில் என்று பல மேடைகளில் பின்னால் நிறுத்தப்பட்ட அவர்களுக்கு, எண்ணிக்கையில் ஆணுக்கு நிகராக நிற்கக் கிடைத்த இடம் அது.

முதல் தலைமுறை வாக்காளர் ஏன் போனார் என்பதற்கு அக்காலச் சூழலே விடை. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைத்தது பெரிய பேறு. அந்த அட்டையை நீட்டி, பட்டியலில் தன் பெயரைக் கேட்டு, தாள் வாங்கிக் குறி போடுவது, தான் இந்த மண்ணுக்கு உரியவன் என்பதற்கான சாட்சி. யார் வெல்கிறார்கள் என்பதை விடவும் இது முக்கியமாக இருந்தது. அமெரிக்க அறிஞர் அந்தோனி டவுன்ஸ் 1957இல் எழுதிய நூல், ஒற்றை வாக்கு முடிவை மாற்றுவது அரிது, ஆகவே செலவையும் பலனையும் கணக்கிடும் மனிதன் வாக்களிக்கப் போகமாட்டான் என்றொரு புதிரை முன்வைத்தது. தோட்டத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. அங்கே வாக்களிப்பதே பலனாக இருந்தது. அடுத்து வந்தது விசுவாசம்: துன் சம்பந்தன் தலைமையிலான ம.இ.கா. தாள் எடுத்துக் கொடுத்தது; 1960இல் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கி வேலையும் வீடும் ஆடிய காலம் அது. நன்றிக்கடனாகப் போட்ட ஓட்டுகள் அவை; அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

ஆனால் தோட்டம் முழுதும் கப்பலின் பின்னால் நின்றது என்று எண்ணிவிடக் கூடாது. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் வழக்கைப் பிரதமரிடம் சொல்லக் கோலாலம்பூருக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தே போனார்கள். நாட்டின் மிகப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் ஒன்று அது. வாக்குச்சீட்டு கையில் இருந்தும் கால்நடையாகப் போக நேர்ந்தது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை போடும் குறி அன்றாடக் கூலியை எட்டவில்லை என்பதைக் காட்டியது. 1969 மே 10 தேர்தலில் பண்டார் மலாக்கா நாடாளுமன்றத் தொகுதியை ஜ.செ.க.வின் லிம் கிட் சியாங் வென்றார். மூன்று நாளில் கலவரம்; நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்று 1968இல் வந்த சட்டம் அதற்குப் பின் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. 1957இல் தாள் எடுக்காமல் விட்டதன் விலை அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. பல்லாயிரம் தமிழர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கிவிட்டவர்கள் சிவப்பு அட்டையோடு மரம் வெட்டினார்கள். ஒரே வீட்டில் மகன் வாக்களிக்கப் போக, தகப்பன் வாசலில் இருந்தார்.

தமிழரின் வாக்குப் பழக்கத்தைக் குலைத்தவற்றுள் அதிகம் பேசப்படாதது உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனது. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த 1965இல் அத்தேர்தல்கள் இடைநிறுத்தப்பட்டன. அவற்றை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் மீண்டும் வேண்டும் என்று ஆணையம் 1968இல் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை, 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலையாக்கியது. சிறு சமூகம் ஒன்றுக்கு உள்ளாட்சி வட்டாரம்தான் கண்ணுக்கு எட்டும் களம். நாடாளுமன்றத் தொகுதியில் கரைந்துபோகும் சில நூறு ஓட்டுகள் ஒரு நகராட்சி வட்டாரத்தில் முடிவையே தீர்மானிக்கும். குப்பை, சாக்கடை, சுடுகாட்டு நிலம், கோயில் நிலம், கடை உரிமம் என்று தமிழர் வாழ்வை நேரடியாகத் தொடுபவை எல்லாம் அந்த மன்றங்களின் கையில் இருந்தன, இருக்கின்றன. வாக்களித்ததும் பலன் தெரியும் தேர்தலை எடுத்துவிட்டு, பலன் தெரியாத தேர்தல்களை மட்டும் விட்டுவைத்தது மக்களின் ஆர்வத்தைத் தேய்த்தது என்று சொல்வதில் பிழையில்லை.

மலாக்கா மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 6 விழுக்காடு. அவர்கள் ஒரே இடத்தில் வாழவில்லை: மெர்லிமாவ், ஜாசின், டைமண்ட் ஜூபிலி, பத்தாங் மலாக்கா, தெபோங், புலாவ் செபாங், டுரியான் துங்கால், மாச்சாப் என்று சிதறி இருந்தார்கள். எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லை. கூட்டணி அரசியலில் இதற்குக் கண்ட வழி, ஒரு தொகுதியை ம.இ.கா.வுக்கு ஒதுக்குவது. அலோர் காஜா வட்டாரத்துக் காடேக் சட்டமன்றத் தொகுதி அப்படிப்பட்டது. இந்த ஏற்பாட்டில் தமிழர் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போவது உறுதியாயிற்று. ஆனால் யார் அவர் என்பது கட்சியின் மேலிடத்திலும் கூட்டணியின் பேரத்திலும் முடிவாயிற்று. வாக்காளரின் பங்கு அதை ஆமோதிப்பது. வேறு தொகுதியில் வாழும் தமிழருக்கு அந்தப் பங்கும் இல்லை. பிரதிநிதித்துவம் கிடைத்தும் வாக்கின் மதிப்பு குறைந்த இந்நிலை பல பத்தாண்டு நீடித்தது. அந்த ஆண்டுகளில் வாக்குச்சாவடிக்குப் போனவர்களை அழைத்துச் சென்றது பெரும்பாலும் பழக்கமும், கட்சிக் கிளைத் தலைவரின் முகதாட்சண்யமும், பள்ளிக்கு ஒரு கட்டடமோ கோயிலுக்கு ஒரு மானியமோ வரும் என்ற எதிர்பார்ப்புமே. மாநிலத்தின் 21 தமிழ்ப் பள்ளிகளின் தேவைகள் ஒவ்வொரு தேர்தலிலும் மேடையேறியது அதனால்தான்.

இதற்கிடையே தோட்டமே கலைந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தமிழ்த் தொழிலாளர் இருந்த இடத்தில் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளர் வந்தனர். நகரை ஒட்டிய நிலங்கள் வீட்டுமனையும் தொழிற்பேட்டையும் ஆயின. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், ஜொகூருக்கும், சிங்கப்பூருக்கும், கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போனார்கள். அக்காலத்தில் 21 வயதானவர் தானே முன்வந்து பதிவு செய்தால்தான் வாக்காளர். தோட்டத்தில் இருந்தவரைக் கட்சிக் கிளை தேடிவந்து பதிந்தது. வாடகை வீட்டுக்கு வீடு மாறிய இளைஞரைத் தேடி யாரும் வரவில்லை. ஏற்கெனவே பதிந்தவர்களின் பெயரோ இடித்துத் தள்ளப்பட்ட லயத்தின் முகவரியிலேயே நின்றது. சிங்கப்பூரில் வேலை செய்பவருக்கு நிலைமை இன்னும் கடினம்: வெளிநாட்டு மலேசியருக்கு 2013இல் அஞ்சல் வாக்கு திறக்கப்பட்டபோது சிங்கப்பூர் அதில் சேர்க்கப்படவில்லை. சனிக்கிழமை மாலை வேலை முடிந்து பாலம் கடந்து வருபவரால் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. தாள் சிக்கலும் தீரவில்லை. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை இல்லாத இந்தியர்களைக் கண்டறிய அரசு 2011இல் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடத்தியது. 2018இல்கூட, அறுபது வயது கடந்த 3,407 இந்தியருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று பிரதமர் மகாதீர் அறிவிக்க வேண்டியிருந்தது. விடுதலைக்கு அறுபது ஆண்டு கழித்தும் சிவப்பு அட்டை ஒழியவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2008 தேர்தலைப் புரிந்துகொள்ள வேண்டும். 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் தமிழர் கோலாலம்பூர்ச் சாலைகளில் திரண்டார்கள். மலாக்காவிலிருந்தும் பேருந்துகள் புறப்பட்டிருந்தன. அடுத்த மார்ச்சில் நடந்த தேர்தலில் ம.இ.கா.வின் தலைவரே சுங்கை சிப்புட்டில் தோற்றார். மலாக்கா மாநில ஆட்சி அப்போது கைமாறவில்லை. ஆனால் வாக்கின் பொருள் மாறிவிட்டது. நன்றிக்காகப் போட்ட ஓட்டைக் கணக்குக் கேட்பதற்காகவும் போடலாம் என்று தோட்டப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். இரு கூட்டணிகளும் சமபலத்தில் மோதும் தொகுதியில் ஆறு விழுக்காடோ பத்து விழுக்காடோ முடிவைச் சாய்க்கும். சிதறி வாழ்வது அதுவரை பலவீனம், இனிப் பல தொகுதிகளில் பேரம் பேசும் வலு. நாடளவில் 2008இல் 76 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 2013இல் ஏறத்தாழ 85 ஆயிற்று. 2018 மே 9 புதன்கிழமை. வேலை நாளில் தேர்தல் வைத்ததற்கு எதிர்ப்பு எழுந்து பிறகு விடுமுறை அறிவிக்கப்பட்டது. ஊருக்குப் போகப் பேருந்துக் கட்டணம் இல்லாதவர்களுக்கு முகமறியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். மலாக்காவில் 28 இடங்களில் 15ஐ அன்றைய எதிர்க்கட்சிகளின் நம்பிக்கைக் கூட்டணி (பக்காத்தான் ஹராப்பான்) பிடித்து, மாநில வரலாற்றில் முதன்முறையாக ஆட்சி மாறியது. காடேக் தொகுதியில் ஜ.செ.க.வின் ஜி. சாமிநாதன் வென்று மாநில ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். ஒதுக்கீட்டுத் தொகுதி போட்டித் தொகுதியாக மாறியது.

அந்த ஆட்சி இரண்டாண்டுகூட நிலைக்கவில்லை. 2020 மார்ச்சில் உறுப்பினர்கள் அணி மாற, மாநில அரசு கவிழ்ந்து புதிய முதலமைச்சர் வந்தார். 2021 அக்டோபரில் நான்கு உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொள்ள அந்த அரசும் கவிழ்ந்தது. கோவிட் கட்டுப்பாடுகளுக்கு நடுவே நவம்பர் 20இல் மாநிலத் தேர்தல் நடந்தது. பொதுக்கூட்டம் இல்லை, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதற்கும் தடை. 2018இல் எண்பதைத் தாண்டியிருந்த வாக்குப்பதிவு ஏறத்தாழ 66 விழுக்காட்டில் நின்றது. தேசிய முன்னணி 21 இடங்களையும், நம்பிக்கைக் கூட்டணி 5 இடங்களையும், பெரிக்காத்தான் நேஷனல் 2 இடங்களையும் பெற்றன. காடேக்கை ம.இ.கா.வின் வி.பி. சண்முகம் மீட்டார். நோய் அச்சமும் பயணச் சிரமமும் காரணங்களே. ஆனால் அவற்றை மட்டும் சொல்வது போதாது. தாங்கள் அனுப்பியவர் எந்த அணியில் இருப்பார் என்பது எண்ணி முடித்த பிறகும் உறுதியில்லை என்றால், வேலை விட்டுப் பணம் செலவழித்துப் போய்ப் போட்ட ஓட்டு என்ன ஆனது என்று வாக்காளர் கேட்பார். அன்று வராதவர்களில் பலர் மூன்றாண்டுக்கு முன் கடன் வாங்கியாவது வந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு, அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்பது பெரும் அநீதி. கட்சி தாவலைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் 2022இல் வந்தது. மலாக்காவின் அந்த இரண்டு கவிழ்ப்புகளுக்கும் அது பிந்தி வந்தது.

நவம்பர் 20 மாநிலத் தேர்தலுக்குச் சரியாக 25 நாளுக்குப் பின், 2021 டிசம்பர் 15இல், வாக்குரிமை வயது 18 ஆகக் குறைந்தது. பதிவும் தானாகவே நடக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் 2019 ஜூலையிலேயே ஒருமனதாக நிறைவேற்றிய திருத்தம் அது. மலாக்காவின் 18 முதல் 20 வயது இளைஞரும் பதியாத பெரியவர்களும் அந்தச் சில வாரங்களால் மாநிலத் தேர்தலை இழந்தார்கள். 2018இல் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை 2022 நவம்பர்ப் பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. வாக்குப்பதிவு விழுக்காடு 74க்கு இறங்கினாலும், வாக்களித்தவர்களின் தொகை முன் எப்போதையும் விட அதிகம்.

புதிய முறையில் பெயர் பதியப்படுவது அடையாள அட்டையில் உள்ள முகவரியில். தோட்டத்தை விட்டுப் போய் முகவரியை மாற்றாதவர்களின் பெயர் இன்றும் அலோர் காஜாவிலோ ஜாசினிலோ உள்ள பழைய தோட்டத்துப் பட்டியலில்தான் வரும். அவர்கள் வாழும் ஊரின் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முகவரியை மாற்றினால்தான் கிடைக்கும். உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. சிவப்பு அட்டையோடு இருப்பவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் 18 வயது நிரம்பியதும் விண்ணப்பம் எதுவும் இல்லாமலே வாக்காளர் ஆகிறார்கள்.